மாவில்லா வளாகம்

அன்றைக்கு இட்லி நீலமாகத் திரும்பி வந்தது.

முழு நீலம் இல்லை. மூன்று இட்லியில் நடுவில் இருந்ததன் நெற்றியில் மட்டும் ஒரு பொட்டு. ஓரம் ஊதா, நடுவில் கறுப்பு. சூர்யகலா டிபன் பாக்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். புண்ணுக்குப் போடும் மருந்தின் வாடை அடித்தது.

தமிழ்மதி சீருடையைக்கூடக் கழற்றவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றாம் வகுப்பு. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன.

"மதி, இட்லிக்கு என்னடி ஆச்சு?"

"பிராங்கிளின் சார் மருந்து ஊத்துனாரு. இட்லி மாட்டிக்கிருச்சு."

"நீ சாப்டியா?"

"மாட்டுனதச் சாப்டக்கூடாதாம்."

சூர்யகலா மத்தியானச் சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றினாள். பிள்ளை பிசையக்கூட இல்லை. அள்ளி அள்ளி விழுங்கியது. மூன்றாம் தரமும் சோறு கேட்டது. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்பதென்று சூர்யகலா முடிவு செய்தாள்.

பிளாட்டினம் பீக் இன்டர்நேஷனல் பள்ளி, சின்னாளபட்டியிலிருந்து செம்பட்டி போகும் சாலையில், ஒரு தென்னந்தோப்பை வெட்டிவிட்டுக் கட்டப்பட்டது. அதன் சர்வதேசம் ஒரு பக்கம் அம்பாத்துறை வரைக்கும், மறுபக்கம் செம்பட்டி வரைக்கும் பரவியிருந்தது. அதற்கு அப்பால் வேன் போகாது. தாளாளர் ஆவுடையப்பனுக்கு மூன்று அரிசி மில்கள். நான்காவதாக ஒரு மில்லுக்கு வாங்கிய இடத்தில் உலை வைக்க அனுமதி கிடைக்காததால் பள்ளிக்கூடம் வைத்தார்.

அரையாண்டு விடுமுறையில் அவர் கொடைக்கானலில் ஒரு உடல்நல முகாமுக்குப் போயிருந்தார். அங்கே அவருக்குச் சோறு போடவில்லை. முகாம் முடிந்து மலையிறங்கியபோது இடுப்பு பெல்ட் இரண்டு துளை உள்ளே போயிருந்தது. அந்த இரண்டு துளை வழியாக அவருக்கு ஞானம் வந்தது. வந்த ஞானத்தை, சூர்யகலா போகாத ஒரு பெற்றோர் கூட்டத்தில் பகிர்ந்துகொண்டார்.

எங்கப்பா மூட்டை தூக்கினார், சோறு தின்றார், அது நியாயம் என்றார் தாளாளர். நான் மில் வைத்தேன், ஓடியாடினேன், தின்றேன், அதுவும் நியாயம். ஆனால் நம் பிள்ளைகள் என்ன செய்யப் போகிறார்கள்? உட்கார்ந்து யோசிக்கப் போகிறார்கள். "யோசிக்கிறதுக்கு எதுக்குங்க சோறு? அரிசியப் பத்தி என்னையவிட யாருக்குத் தெரியும்? இந்தத் தாலுகாவுக்கே நான்தான் அரிசி போடுறேன். போடுறவன் சொல்றேன், வேணாம்."

பெற்றோர் கைதட்டினார்கள். கைதட்டாதவர்கள் யாரென்று ஆசிரியைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இனிமேல் டிபன் பாக்ஸில் மாவுச்சத்து குறைவாக இருக்க வேண்டும். எண்ணெய் குறைவாக இருக்க வேண்டும். புரதம் நிறைய இருக்க வேண்டும். வீட்டிலேயே, தாயின் கையால் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். இதைக் கண்காணிக்கும் பொறுப்பு பிராங்கிளினுக்கு வந்தது. அவர் விளையாட்டு ஆசிரியர். விளையாட்டு மைதானத்தில் நீச்சல்குளம் வரப்போகிறது என்று பலகை வைத்ததிலிருந்து அவருக்கு மைதானம் இல்லை. கழுத்தில் விசில் மட்டும் மிச்சம் இருந்தது. இப்போது கையில் ஒரு சொட்டுக்குழாயும் ஒரு புட்டி அயோடினும் கொடுத்து, ஊட்டச்சத்து ஒழுங்குத் தலைவர் என்று பெயர் வைத்தார்கள். பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் அந்தப் புட்டியைத் தவிர வேறு மருந்து இருந்ததில்லை. இதற்குப் பிறகு அதுவும் இல்லை.

சோதனை காலையில் வாசலில் நடந்தது. பிள்ளைகள் வரிசையில் வந்து பாக்ஸைத் திறந்து நீட்ட வேண்டும். பிராங்கிளின் ஒரு சொட்டு விடுவார். நீலமானால் மாவு. பிறகு ஒரு தாளை வைத்து அழுத்தி வெயிலில் தூக்கிப் பிடிப்பார். தாளுக்குப் பின்னால் வெயில் தெரிந்தால் எண்ணெய். நீலம் வந்தால் பின்னால் நிற்கும் பிள்ளைகள் இரண்டு தரம் கைதட்டி "மாவு, மாவு" என்று சொல்ல வேண்டும். இது பங்கேற்பு முறைக் கல்வி. மாட்டியவர்கள் மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் அமைதி வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, தாங்கள் கொண்டுவந்திருக்க வேண்டிய உணவைக் கற்பனை செய்ய வேண்டும்.

சூர்யகலா வாசலில் பிராங்கிளினைப் பார்த்துக் கேட்டாள்.

"சார், பிள்ளை நாள் பூரா பட்டினியா இருந்திருக்கு."

"பட்டினின்னு சொல்லாதீங்கம்மா. அத நாங்க இடைவெளின்னு சொல்றோம்."

அவர் நல்ல மனிதர் போலத்தான் தெரிந்தார். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டார். தாய்மார்களுக்குப் பயிற்சி வகுப்பு இருக்கிறது, சனிக்கிழமை வாருங்கள், எல்லாச் சந்தேகமும் தீர்ந்துவிடும் என்றார். வரும்போது ஒரு படி அரிசி கொண்டுவரவும் என்றார்.

அரிசி எதற்கென்று சனிக்கிழமை தெரிந்தது. மேடைக்கு முன்னால் ஒரு நீல டிரம் வைத்திருந்தார்கள். அதற்குப் பெயர் துறவுக் கலன். தாய்மார்கள் ஒவ்வொருவராக வந்து, "இன்று முதல் சோற்றை நான் உணவாகக் கருத மாட்டேன், வேடிக்கையாகவே கருதுவேன்" என்று ஒலிபெருக்கியில் சொல்லி, அரிசியை டிரம்முக்குள் கொட்டினார்கள். சிலர் நல்ல பொன்னி கொண்டுவந்திருந்தார்கள். டிரம் நிறைந்ததும் மாற்று டிரம் வந்தது. நிறைந்ததை ஒரு மினி லாரியில் ஏற்றினார்கள். லாரியின் பக்கவாட்டில் தாளாளரின் மில் பெயர் எழுதியிருந்தது.

சூர்யகலாவுக்குப் பக்கத்தில் முஹ்சினா நின்றாள். அவள் மகளும் மதியும் ஒரே வகுப்பு. "நம்ம துறக்க, அவரு அளக்க," என்று காதோரம் சொன்னாள். "நாளைக்கி இதையே நம்ம கடையில வாங்குவோம் பாரு."

பிறகு சமையல் செய்து காட்டினார்கள். முட்டையை உடைத்து மஞ்சளைத் தள்ளிவிட்டு வெள்ளையை மட்டும் ஆவியில் வேகவைப்பது. மீல்மேக்கரை வெந்நீரில் போட்டுப் பிழிந்து அரைத்துக் கட்லெட் தட்டுவது. ஒட்டாத தவாவில் எண்ணெய் இல்லாமல் திருப்பிப் போடுவது. எல்லாவற்றையும் செய்து காட்டிய பெண், செய்ததில் ஒன்றையும் வாயில் போடவில்லை. சுவை எப்படி இருக்கும் என்று ஒரு தாய் கேட்டதற்கு, சுவை என்பது ஒரு பழக்கம் என்றாள்.

சூர்யகலா வீட்டுக்கு வந்து செய்து பார்த்தாள். முட்டை முடியாது. ஈஸ்வர் பழனிக்கு மாலை போட்டிருந்தான். மாலை கழற்றும்வரை அவள் புருஷனைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். வீட்டில் முட்டை வாடை கூடாது. அதனால் பாசிப்பயறு சுண்டல் செய்தாள். பயறு நல்லதென்று ஊர் முழுக்கச் சொல்கிறது. அயோடின் அப்படிச் சொல்லவில்லை. கறுத்த நீலம். கொண்டைக்கடலை, அதைவிட நீலம். நிலக்கடலையை வறுத்துக் கொடுத்தாள். நீலத்தில் தப்பியது, தாளில் மாட்டியது. தாளுக்குப் பின்னால் வெயிலும் தெரிந்தது, வேப்பமரமும் தெரிந்தது என்று மதி சொன்னாள். அந்த மரத்தடியில்தான் மத்தியானம் போய் உட்கார்ந்தாளாம்.

"கண்ண மூடி என்னடி நெனச்ச?"

"பரோட்டா."

கடைசியில் பாலுக்கு வந்தாள். பாலைக் காய்ச்சி ஆறவிட்டு ஆடையை எடுத்தாள். மறுபடி காய்ச்சி மறுபடி எடுத்தாள். தண்ணீராய்ப் போன பாலில் எலுமிச்சையைப் பிழிந்து திரியவைத்து, துணியில் வடிகட்டி, மேலே குழவியை ஏற்றி வைத்தாள். காலையில் வெள்ளைச் செங்கல் மாதிரி பனீர் கிடைத்தது. துண்டு போட்டு உப்பும் சீரகமும் தூவி, எண்ணெய் காட்டாமல் தவாவில் புரட்டினாள். மாவும் இல்லை, கொழுப்பும் இல்லை. அவளுக்கே பெருமையாக இருந்தது.

அது ஊதாவாகத் திரும்பி வந்தது.

சூர்யகலா இதை முஹ்சினாவிடம் சொல்லி அழாத குறை. பாலில் எங்கேயிருந்து மாவு வந்தது? பால்காரர் ஏதாவது கலக்கிறாரா? முஹ்சினா, எதில் வடிகட்டினாய் என்று கேட்டாள். வீட்டில் கிடந்த வெள்ளைத் துணி என்றாள் இவள். அதற்குமேல் முஹ்சினாவால் நிற்க முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சூர்யகலாவின் வீட்டுத் தொழில் கஞ்சி. சாயம் ஏற்றி வரும் சுங்குடிச் சேலைகளுக்கு ஜவ்வரிசிக் கஞ்சி போட்டு, கொடியில் உதறிக் காயவைத்து, மடிப்பு எடுத்துக் கடைக்குக் கொடுப்பார்கள். கஞ்சி போடுவது அவள், கடைகடையாகக் கொண்டுபோவது ஈஸ்வர். அந்த வீட்டில் கஞ்சி படாத துணி கிடையாது. கைக்குட்டை நிற்கும். தலையணை உறை சத்தம் போடும்.

"ஒங்க வீட்டுல துணியெல்லாம் மூணு வேளையும் தின்னுட்டு கெடக்குடி," என்றாள் முஹ்சினா. "பிள்ளையப் பட்டினி போடுறதுக்கு முன்னாடி அதுகளப் பட்டினி போடு. என்னையப் பாரு. முட்டையில வெள்ளைய என் மக கொண்டுபோறா, மஞ்சளையெல்லாம் நான் திங்குறேன். ஒரு ஜாக்கெட்டும் பத்தல."

புதுத் துணி ஒன்றை வெந்நீரில் அலசித் தனியாக வைத்தாள் சூர்யகலா. அதற்குப் பிறகு பாக்ஸ் தேறியது. தினமும் மூடியில் பச்சை ஒட்டு. ஒரு நாள் பனீர், ஒரு நாள் மீல்மேக்கர் கட்லெட். மதி அதைத் தின்றாள் என்று சொல்ல முடியாது. மென்றாள். இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகும் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு கணக்குப் பாடத்தையும் மென்றாள். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியதும் பேச்சு கிடையாது, தட்டுதான். இடுப்பில் சீருடைப் பாவாடை நிற்கவில்லை. ஊக்கு குத்தி அனுப்பினாள்.

ஒரு நாள் காலையில் பிரார்த்தனைக் கூட்டத்தில் பிள்ளை மயங்கி விழுந்தது. பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. உடம்பில் தேங்கியிருந்த பழைய மாவு வெளியேறும்போது ஒரு சில குழந்தைகளுக்கு இப்படி நேர்வது உண்டு. இது முன்னேற்றத்தின் அறிகுறி. பெற்றோர் பெருமைப்படலாம். கீழே பதினேழு பெற்றோர் கைகூப்பியிருந்தார்கள்.

"சாமி, பிள்ளைய நிப்பாட்டிருவோம்," என்றாள் சூர்யகலா.

ஈஸ்வர் நெற்றியில் விபூதியோடு யோசித்தான். இந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்க அவன் யார் யாரையோ பிடித்திருந்தான். மதி இங்கிலீஷில் விடுமுறைக் கடிதம் சொல்வாள். அதை அவன் கடைகளில் சொல்லிக்காட்டுவான். வருஷம் முடியட்டும் என்றான். பழனிக்குப் போய் வேண்டிக்கொள்கிறேன் என்றான். மாலை போட்டவன் சொன்னதை எதிர்த்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை.

அதற்கு அடுத்த வாரம் சீருடை நீலமானது.

பிராங்கிளினின் குறி தவறியதா, பிள்ளை அசைந்ததா தெரியவில்லை. சொட்டு மதியின் சட்டைக் கையில் விழுந்தது. விழுந்த இடம் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஆனது. பின்னாலிருந்த வரிசை இரண்டு தரம் கைதட்டி மாவு, மாவு என்றது. பிராங்கிளின் விசிலை ஊதினார். பிள்ளையின் பையை உதறினார்கள். காலுறையை உருவினார்கள். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார்கள். சோறு கிடைக்கவில்லை. கிடைக்காததே குற்றத்தைக் கடுமையாக்கியது. மறைத்துக் கொண்டுவந்த மாவுப்பொருள் என்று சூர்யகலாவுக்குத் தகவல் போனது.

தாளாளர் அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. மேஜையில் மதியின் சட்டை விரித்து வைக்கப்பட்டிருந்தது. மதி பெட்டிக்கோட்டோடு நாற்காலி ஓரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தாள். சூர்யகலா முந்தானையை எடுத்துப் பிள்ளைமேல் போர்த்தினாள்.

"ஏம்மா, பிள்ளைய வெச்சுக் கடத்துறீங்களா?" என்றார் ஆவுடையப்பன்.

அது கஞ்சி என்று அவள் சொன்னாள். சட்டை விறைப்பாக இருக்க வேண்டுமென்று பள்ளிக்கூடம்தானே சொன்னது, தொங்கினால் வெளியே நிறுத்துகிறார்களே என்றாள். சோறு இல்லை சார், ஜவ்வரிசி சார், துணிக்குப் போடுவது சார் என்றாள். ஒவ்வொரு சாருக்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒடம்புக்குள்ள போனா என்ன, ஒடம்புக்கு மேல போனா என்ன? மாவு மாவுதான். நீங்க வாசல்ல தடுத்தா அது ஜன்னல் வழியா வரும். நான் இத முகாம்லயே கேட்டேன். மாவுக்கு ஆயிரம் வேஷம்னு சொன்னாங்க. இன்னைக்கிக் கண்ணால பாக்குறேன்."

தீர்ப்பு இரண்டு பகுதியாக வந்தது. இனி சீருடையில் கஞ்சி கூடாது. ஆனால் சீருடை விறைப்பாக இருக்க வேண்டும். எப்படி என்று அவள் கேட்கவில்லை. பிராங்கிளின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்திருக்கும்போது தாளாளர் அவளை நிறுத்தினார். மேஜை மேலிருந்த சட்டையின் காலரை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். அது நிமிர்ந்து நின்றது. அவர் முகம் மாறியது.

"இது நீயே போட்டதா?"

"ஆமா சார்."

மாத முடிவில் புரதத் திருவிழா வருகிறது என்றார். அகில இந்திய மாவெதிர்ப்பு மன்றத்தின் தலைவர் வருகிறார். மாவில்லா வளாகம் என்ற கேடயத்தைத் தரப்போகிறார். திண்டுக்கல்லில் சலவைக்குக் கொடுத்தால் வேட்டி சட்டை ஈரத்துணி மாதிரி வருகிறது. போட்டோவில் நன்றாக விழாது. விழாவுக்கு அவர் சட்டையை அவளே விறைப்பாக்கிக் கொடுக்க வேண்டும்.

"கஞ்சி போடலாமா சார்?" என்றாள் சூர்யகலா.

"கஞ்சி இல்லாம சட்ட எப்பிடிம்மா நிக்கும்? கேக்குறா பாரு கேள்வி."

அதோடு ஒரு சலுகையும் சொன்னார். டிபன் பாக்ஸ் தொடர்ந்து பச்சை ஒட்டு வாங்கியிருப்பதால் மேடையில் மதியின் பாக்ஸைத்தான் சோதித்துக் காட்டுவார்கள். தேறிவிட்டால் பிள்ளைக்குச் சட்டையில் குத்திக்கொள்ளத் தன்னாட்சி வில்லை உண்டு. வருஷம் முடியும்வரை அவள் பாக்ஸை யாரும் திறக்க மாட்டார்கள்.

யாரும் திறக்க மாட்டார்கள். சூர்யகலா வீடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். தயிர்சோறு வைக்கலாம். எலுமிச்சைச் சோறு வைக்கலாம். உருளைக்கிழங்கு வறுத்து வைக்கலாம். ஒரே ஒரு தரம் தேறினால் போதும்.

திருவிழாவுக்கு முந்தின நாள் இரண்டு வேலையையும் அவள் ஒரே அடுப்பில் செய்தாள். ஒரு பாத்திரத்தில் பால் ஆடை இழந்துகொண்டிருந்தது. இன்னொன்றில் ஜவ்வரிசி கண்ணாடியாகிக்கொண்டிருந்தது. ஒன்றின் கரண்டி மற்றொன்றில் பட்டுவிடாமல் பார்த்துக்கொண்டாள். தாளாளரின் சட்டையை இரண்டு தரம் கஞ்சியில் முக்கினாள். அவ்வளவு நன்றாக அவள் எந்தச் சேலைக்கும் போட்டதில்லை. அவர் மனம் குளிர வேண்டும், பிள்ளை சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

சட்டை நின்றது. மறுநாள் மேடையில் ஆவுடையப்பன் உட்கார்ந்தார், அது அப்போதும் நின்றது.

வந்திருந்த மாவெதிர்ப்பு மன்றத் தலைவரே அதன் செயலாளரும் பொருளாளரும் என்று அறிமுகத்தில் சொன்னார்கள். மேடைக்குப் பின்னால் துணி கட்டி மறைத்த இடத்தில் விருந்தினருக்கு அண்டாவில் பிரியாணி தம்மில் இருந்தது. மறைத்தது கண்ணுக்கு மட்டும்தான். பிள்ளைகள் பந்தலில் உட்கார்ந்து மேடையைப் பார்க்க வேண்டியவர்கள், மூக்கைத் தூக்கிக்கொண்டு பந்தலின் பின்மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழாத் தூய்மைக்காகப் பிள்ளைகள் வெறும் வயிற்றில் வர வேண்டுமென்று உத்தரவு.

ஆவுடையப்பன் பேசினார்.

"ஆரம்பத்துல பிள்ளைங்க பசிக்குதுன்னு சொன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல. ஒரு மாசம் பொறுத்தேன். இப்ப ஒரு பிள்ளை சொல்லுதா பாருங்க. சொல்றதுக்குத் தெம்பு கெடையாது. இதுதான் கட்டுப்பாடு."

மன்றத் தலைவர் கைதட்டினார். அவர் அடிக்கடி பின்மூலையைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு மதியை மேடைக்கு அழைத்தார்கள். அவள் பாக்ஸைத் திறந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பந்தலின் முதல் வரிசையில் சூர்யகலா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிராங்கிளின் சொட்டுக்குழாயோடு முன்னால் வந்தார். போட்டோக்காரர் குனிந்தார். இந்தப் படத்தில் பிராங்கிளின் இருப்பது அழகில்லை என்று தாளாளருக்குத் தோன்றியிருக்க வேண்டும். எழுந்து வந்து குழாயை அவர் கையிலிருந்து வாங்கினார். புட்டியையும் வாங்கி இடது கையில் வைத்துக்கொண்டார். மூடி இல்லாத புட்டி.

ஒரு சொட்டு விட்டார். பனீர் பனீராகவே இருந்தது. மருந்தின் பழுப்பு நிறத்தைத் தவிர ஒன்றும் இல்லை. தேறியது. சூர்யகலா மூச்சை விட்டாள். அந்த வினாடியில் அவள் மகள் தயிர்சோறு தின்றுகொண்டிருந்தாள்.

போட்டோக்காரர் இன்னொரு தரம் என்றார். தாளாளர் அப்படியே நின்றார். காற்று திரும்பியது. அண்டாவில் யாரோ தம்மை உடைத்திருப்பார்கள். சீரகச் சம்பாவும் நெய்யும் மேடைமேல் ஏறி வந்தன. மதி வாசனை வந்த பக்கம் தலையைத் திருப்பினாள். திரும்பிய தலை நிற்கவில்லை. கண் சொருகி, கால் மடங்கி, விழப்போன பிள்ளை கைக்குக் கிடைத்ததைப் பிடித்தது. கிடைத்தது தாளாளரின் இடது கை.

புட்டி கவிழ்ந்தது.

முதலில் பழுப்பாகத்தான் இருந்தது. பிறகு மார்பிலிருந்து நீலம் கிளம்பியது. சட்டைப் பையைத் தாண்டியது. பொத்தான் வரிசையோடு இறங்கி வயிற்றில் பரவி, வேட்டிக் கரையில் போய் நின்றது. மழைக்கு முந்தின சிறுமலை மாதிரி இருந்தது. இரண்டு தரம் முக்கிய கஞ்சி, ஓர் இழையும் தப்பவில்லை.

தாளாளர் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார்.

பிள்ளைகளுக்கு யாரும் சைகை காட்டவில்லை. தேவையும் இல்லை. தினமும் காலையில் பழகியதுதான். முந்நூறு பிள்ளைகளும் இரண்டு தரம் கைதட்டினார்கள்.

"மாவு. மாவு."

பிராங்கிளின் பழக்கதோஷத்தில் விசிலை ஊதினார். எல்.கே.ஜி. வரிசையில் ஒரு குழந்தை எழுந்து நின்று, தாளாளருக்கு வழி தெரியாதோ என்று, வேப்பமரத்தைக் கைநீட்டிக் காட்டியது.

சூர்யகலா இதையெல்லாம் பார்க்கவில்லை. அவள் மேடையில் ஏறிப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். முஹ்சினாதான்.

விசாரணை அன்றைக்கே நடந்தது. தாளாளர் மாற்றுச் சட்டையில் இருந்தார். அது தொங்கியது. மேஜையில் நீலச் சட்டை விரித்து வைக்கப்பட்டிருந்தது. போன தடவை மகளின் சட்டை கிடந்த அதே இடம்.

"என் நெஞ்சுல சோத்த வெச்சுட்டியேம்மா."

"நீங்கதான சார் கேட்டீங்க. சட்ட நிக்கணும்னு."

"நிக்கணும்னு சொன்னேன். மாவு போடச் சொன்னேனா?"

போடலாமா என்று நான் கேட்டேனே என்றாள். அவர் பிராங்கிளினைப் பார்த்தார். பிராங்கிளின் அன்றைக்கு அறையில் இருந்தவர். எல்லாவற்றையும் கேட்டவர். அவர் தரையைப் பார்த்தார். தரையில் ஒன்றும் இல்லை.

தன்னாட்சி வில்லை ரத்து. பாக்ஸ் தேறியது உண்மைதான், ஆனால் பாக்ஸைக் கொண்டுவந்த குடும்பம் தேறவில்லை. தாய், தான் செய்தது மாவுச் சதி என்று ஒப்புக்கொண்டு செல்போனில் பேசி அனுப்ப வேண்டும். அதைப் பெற்றோர் குழுவில் போடுவார்கள். அதுவரை பிள்ளை வேப்பமரத்தடியில் உட்காரும். பாக்ஸ் கொண்டுவரத் தேவையில்லை.

சூர்யகலா எழுந்தாள். மேஜைமேல் இருந்த சட்டையை ஒரு தரம் தடவிப் பார்த்தாள். இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது.

"நல்ல கஞ்சி சார் இது," என்றாள். "ஒங்க மில்லுல இப்பிடி வராது."

மதியின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு சாலைக்கு வந்தாள். வேனுக்குக் காத்திருக்கவில்லை. ஈஸ்வருக்குப் போன் போட்டு, சாமி, பிள்ளைய நிப்பாட்டிட்டேன் என்றாள். இனிமேல் கடையில் விடுமுறைக் கடிதம் சொல்லிக்காட்ட முடியாது என்று வருத்தப்பட்டானோ என்னவோ. பிள்ளை என்ன சாப்பிட்டது என்று மட்டும் கேட்டான்.

பிளாட்டினம் பீக் பள்ளியில் அந்தச் சட்டையைத் தூக்கிப்போடவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து நுழைவாயிலில் மாட்டினார்கள். கீழே, எதிரி எங்கும் இருப்பான் என்று எழுதினார்கள். வருகிற பெற்றோர் செருப்பைக் கழற்றிவிட்டு அதைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். அயோடினை நிறுத்திவிட்டார்கள். அது நம்பத்தகுந்த மருந்து அல்ல என்று தெரியவந்ததாம். இப்போது பிராங்கிளின் காலையில் டிபன் பாக்ஸை முகர்ந்து பார்க்கிறார் என்று முஹ்சினா சொன்னாள். சில பாக்ஸ்களை அதிக நேரம் முகர்கிறாராம்.

தைப்பூசம் முடிந்து ஈஸ்வர் மாலையைக் கழற்றினான். மதி தெருக்கோடியில் இருக்கும் அரசுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். முதல் நாள் அவள் திரும்பி வந்தபோது சூர்யகலா கொடியில் சேலை உதறிக்கொண்டிருந்தாள். பிள்ளை தட்டைத் தேடவில்லை. வாசலில் பையைப் போட்டுவிட்டு விளையாடக் கிளம்பியது.

"ஏய், நில்லுடி. மத்தியானம் சாப்டியா?"

"ம்."

"சோறா?"

"சோறும் முட்டையும்."

"மஞ்சளோடயா?"

"மஞ்சளோடதான்."

சூர்யகலாவுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. ஈரச்சேலை கையிலேயே இருந்தது.

"சோத்துல எதுவும் ஊத்துனாங்களா?"

"ஊத்துனாங்க."

உதறப்போன கை அப்படியே நின்றது.

"என்னது?"

"சாம்பாரு," என்றாள் மதி. "இன்னுங் கொஞ்சம்னு கேட்டேன். ஊத்துனாங்க."